சேலையிடம் விலை கேட்ட ஊர்

ஆடி பிறந்து, ஜவுளிக்கடைத் தெருவில் தள்ளுபடித் தட்டிகள் எழும்பி, கடைக்குக் கடை மைக்செட் அலறி, எந்தக் கடை எந்தப் பாட்டைப் போடுகிறது என்று யாருக்கும் புரியாமல் போன ஒரு வெள்ளிக்கிழமை, நொச்சிக்குளம் தண்ணீர்த் தொட்டியடியில் குடத்தை இடுக்கிக்கொண்டு நின்ற பிரம்மசக்தி அத்தையிடம் யாரோ வழக்கம்போல, "புதுசா மைனி, எவ்வளவுக்கு எடுத்திய?" என்று கேட்க, அத்தை வழக்கம்போல வாயைத் திறப்பதற்குள், அவள் கட்டியிருந்த மயில்கழுத்துச் சேலை, அதை விற்ற ஜவுளிக்கடைத் தங்கச்சாமி அண்ணாச்சியின் குரலில், அவருடைய அதே மூக்கடைப்போடு, "அறுநூத்தி நாப்பது, தாயி" என்று சொன்னது.

அத்தை சொல்ல நினைத்திருந்தது முன்னூறு.

யாரும் குடத்தைக் கீழே போடவில்லை. யாரும் மயங்கி விழவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பெண் மட்டும், "அறுநூத்தி நாப்பதா? இந்தச் சாயம் போற துணிக்கா?" என்று கேட்டாள், அது சேலை பேசியதைவிடப் பெரிய விஷயமாக இருந்தது, ஏனென்றால் எங்கள் ஊரில் விலை கேட்பது வெளியூர்க்காரர்கள் நினைப்பதுபோல அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, அது ஒரு வணக்கம், சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால் கேட்பது, அதற்குப் பாதி விலையைச் சொல்வது பதில் வணக்கம், கேட்டவள் அதை நம்பாமல் "பரவாயில்லையே, குறைச்சுத்தான் எடுத்திருக்கிய" என்று சொல்வது மரியாதை. பாத்திரம், பாய், வாளி, தக்காளி எல்லாவற்றுக்கும் பாதி. மகளுக்குச் சீராகக் கொடுத்தது என்றால் மட்டும் இரட்டிப்பு. இந்தப் பொய்க்கணக்கு பிசகாமல் நடந்துகொண்டிருந்ததால்தான் ஊரில் மாமியார்களும் மருமகள்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

இரண்டு வாரத்துக்குள் சட்டதிட்டங்கள் எல்லோருக்கும் அத்துப்படியாகிவிட்டன. அந்த ஆடி பிறந்தபிறகு வாங்கியதுதான் பேசும், பழசெல்லாம் ஊமை. விற்றவர் யாரோ அவர் குரலில்தான் பேசும். ஒரு பொருள் ஒரு தடவைதான் பேசும், அதன்பிறகு அதைக் கிழித்தாலும் வாய் திறக்காது. ஆக, கவுன்சிலர் வாங்கிய கார், அது பழைய கார் என்பதைத் திறப்புவிழா மேடைக்குப் பக்கத்தில் நின்று சொன்னது. ஒரு மாமா தன் மனைவியிடம் ஆயிரம் ரூபாய் என்று சொல்லியிருந்த செல்போன், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பதினெட்டாயிரம் என்று சொல்ல, மாமா அந்த வாரம் முழுக்கப் பழைய சோறு சாப்பிட்டார். சம்பந்தி வீட்டுத் தங்கச் சங்கிலி "கவரிங்குதான், சும்மா போடுங்க" என்றது. இப்படி ஊரெல்லாம் தன் குரல் கேட்டதில் தங்கச்சாமி அண்ணாச்சிக்குத் தொண்டை புண்ணாகிவிட்டது. அவர் கல்லாவில் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார், எங்கேயோ ஒரு தெருவில் அவர் விற்ற சேலை பேசும், இங்கே இவர் "க்கும்" என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு மிளகுப்பால் கொண்டுவரச் சொல்வார்.

பெண்கள் சேலைகளின் ஒற்றை வார்த்தையைச் சேமிக்கக் கற்றுக்கொண்டார்கள். மலிவாக எடுத்த சேலையை வீட்டில் உடுத்தி வீணாக்காமல், காகிதத்தில் சுற்றி வைத்து, கோயில் கொடை, சடங்கு, வளைகாப்பு என்று கூட்டம் கூடும் இடத்தில் உடுத்தி, சொந்தக்காரி ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்தி, சரியாக எல்லோரும் காப்பி குடித்து முடித்து அமைதியாகும் நேரம் பார்த்து "எவ்வளவு?" என்று கேட்கவைத்தார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பொற்காலம். புதுச்சேலை ஒன்று ஆளில்லாத சந்தில் தனியாகப் போனால் பின்னாலேயே பூனைநடை நடந்து, காதுக்கருகில் "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டால், சேலை தன் வாழ்நாள் வார்த்தையை ஒரு சாக்கடைக்கும் இரண்டு கோழிக்கும் சொல்லி முடித்துவிடும். அதற்கு விழும் திட்டு இருக்கிறதே, கேட்கக் காது கோடி வேண்டும். ஊமைச் சேலைகளும் சும்மா போகவில்லை, அவற்றுக்குப் பின்னால் அண்ணாச்சியின் மூக்கடைப்போடு, "ஓசிதான் தாயி, தொந்தரவு தாங்காமக் குடுத்தேன்" என்று ஒரு குரல் வரும். அதனால் எந்தச் சேலை பேசினாலும் ஊர் முதலில் திரும்பிப் பார்ப்பது செண்பகா எங்கே நிற்கிறாள் என்றுதான். செண்பகா நான்தான்.

பொய் சொல்ல முடியாமல் போனதும் பேரம் முற்றிவிட்டது. முன்பெல்லாம் நாக்கால் குறைத்ததை இப்போது கடையிலேயே குறைக்கவேண்டும். தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள். பிரம்மசக்தி அத்தை ஒரு பட்டுச் சேலைக்காக நான்கு நாள் போய் நான்காயிரத்துக்கு முடித்தாள். முடித்த சந்தோஷம், அதே சேலையை எதிர்வீட்டுக்காரி நாலாயிரத்து ஐம்பதுக்கு எடுத்தாள் என்று தெரிந்தபிறகுதான் அவள் முகத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய நிமிஷம்வரை அவளுக்குச் சேலை பிடிக்கவே இல்லை. தேவையே இல்லாத பிளாஸ்டிக் வாளிகளை அவள் ஏழு வாங்கி அடுக்கியிருந்தாள், ஏனென்றால் ஆறு வாங்கியவளைவிட ஒரு வாளிக்கு முக்கால் ரூபாய் குறைவு.

இந்தக் கலவரத்தில் ஒரே ஒருத்தி மட்டும் கடைத்தெருப் பக்கமே போகாமல் முட்டுவலி என்று கட்டிலில் படுத்திருந்தாள். அவள்தான் ஆவுடைப் பெரியம்மை, ஊர் வைத்த பெயர் படியிறங்கி. நொச்சிக்குளத்தில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பட்டெடுக்கப் பெரியம்மைதான் முன்னால் நடப்பாள். கடையில் விலை கேட்பாள், பாதி சொல்வாள், கடைக்காரர் சிரிப்பார், இவள் எழுந்து படியிறங்குவாள். கூப்பிடுவார். ஏறுவாள். மறுபடி இறங்குவாள். மூன்றாவது தடவை இறங்கும்போது தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், "சரி தாயி, வந்து தொலைங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதற்காகப் பெரியம்மை ஒரு பைசா வாங்கமாட்டாள். நான்கு கடைவாடகை வருகிறது அவளுக்கு. பந்தியில் முதல் இலை மட்டும் போட்டால் போதும்.

அவளைக் கட்டிலைவிட்டு எழுப்பியது முப்பிடாதி சித்தி. பீடி சுற்றி மகளை வளர்த்தவள், பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கினால் சாயந்திரம் ஒரு கரண்டி கூட்டித் திருப்பிக் கொடுப்பவள், ஓசியில் ஒரு கருவேப்பிலைக் கொத்துகூட வாங்காதவள். மகள் மாரிச்செல்விக்கு ஆவணியில் கல்யாணம்.

"எக்கா, எங்கிட்ட மூவாயிரம்தான் இருக்கு. அதுக்குப் பட்டு எடுக்கணும். நீங்க வந்தாத்தான் முடியும்."

"எனக்கு முட்டு…"

"நான் ஆட்டோ கூப்பிட்டுட்டேன்."

என்னையும் பை தூக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள், நான் ஊருக்குள் இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி என்பது இன்னொரு காரணம். அண்ணாச்சி எட்டாயிரத்தில் ஆரம்பித்தார். பெரியம்மை மூன்று தடவை படியிறங்கினாள். அரக்கு நிறத்தில் மாம்பழக் கரை போட்ட பட்டு மூவாயிரத்துக்கு முடிந்தது. முப்பிடாதி சித்தி சுருக்குப்பையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லோரும் பக்கத்துக் கடையில் கலர் குடிக்கப் போனோம். "கண்ணாடியை வச்சுட்டு வந்துட்டேன், குடிங்க, இந்தா வாரேன்" என்று பெரியம்மை திரும்பிப் போனாள். கண்ணாடி அவள் மூக்கில்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் நான் பின்னால் போனேன்.

கல்லாவில் பெரியம்மை ஐந்தாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"பாத்துட்டியா?" என்றாள் பெரியம்மை.

"பாத்துட்டேன்."

"அண்ணாச்சி, இந்தச் சவத்துக்கு ஒரு கலர் குடுக்கச் சொல்லுங்க."

"ரெண்டு," என்றேன். "எத்தனை வருசமா பெரியம்மை இப்படி?"

"உங்கம்மை கல்யாணச் சேலை இருக்குல்லா? அதுவும்தான்." அவள் பணப்பையை மூடினாள். "முத தடவை இவரு எறங்கல. வாசல்ல பொம்பளைக அத்தனை பேரும் நிக்காளுவ, ஆவுடை எறக்கிட்டாளான்னு. எப்படி வெறுங்கையோட வெளிய போவேன்? எறக்கிட்டேன்னு சொல்லிட்டேன். கை தட்டுனாளுவ பாரு, ஐஸ் தண்ணி குடிச்ச மாதிரி இருந்திச்சு. சில பேரு சீட்டாடுதான், சில பேரு சாராயம் குடிக்கான். எனக்கு இது."

"நான் எறங்க மாட்டேன்னு இல்ல," என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "எறங்க எடம் இல்ல தாயி. எட்டாயிரம் சேலை எட்டாயிரம்தானே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பெரியம்மை, சேலை வாயத் தொறந்துச்சுன்னா?"

"அதுக்குத்தாம்ட்டி கட்டில்ல கெடந்தேன்." அவள் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். "எட்டாயிரம்னு அது சொல்லிச்சுன்னா முப்பிடாதி அந்த எடத்துலயே சேலைய அவுத்து எம் மூஞ்சியில எறிஞ்சுட்டு, மகளுக்குப் பழஞ்சேலையக் கட்டிவிடுவா. அப்புறம் செத்தாலும் எம் மூஞ்சியில முழிக்க மாட்டா. நீதான் ஊர்ச் சேலையெல்லாம் கெடுத்துக்கிட்டுத் திரியுதியே, இத ஒண்ணையும் கெடுத்துரு. ஆள் இல்லாத நேரம் கேட்டு முடிச்சிரு."

கேட்டு முடிக்க நான் போகாத வழி இல்லை. தீப்பெட்டி கடன் கேட்டுப் போனேன், மாரிச்செல்விக்கு மருதாணி கொண்டுபோனேன், பால்காரர் குரலில் வாசலில் கூப்பிட்டேன். என் தலை தெரிந்ததும் முப்பிடாதி சித்தி முறத்தோடு சேலைப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, பீடி சுற்றியபடியே முந்தானையால் பெட்டி இடுக்கைப் பொத்திக்கொள்வாள். "ஒன் வேலை எனக்குத் தெரியும்ட்டி. இது மண்டபத்துல பேசணும். மூவாயிரத்துக்கு முப்பிடாதி பட்டெடுத்திருக்கான்னு சொல்லணும். எம் மவளுக்கு நான் போடுத நகையே அந்தப் பேச்சுதான்." தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். அது பிரம்மசக்தி அத்தை காதுக்குப் போனது.

"மூவாயிரத்துக்கு மாம்பழக் கரையா?" என்றாள் அத்தை. "நான் நாலு நாள் நின்னு நாலாயிரம் குடுத்தது சுண்டு விரல் தண்டிக் கரை. நானே கேக்கேன். மண்டபத்துல, எல்லாரு முன்னாலயும், நானே கேக்கேன்."

பெரியம்மைக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நாங்கள் கடைசியில் போட்ட திட்டம் இதுதான்: மணமேடையில் பெண்ணுக்குப் பின்னால் நான் பதுங்கிக்கொள்ள வேண்டும், கேள்வி விழுந்ததும் சேலைக்கு முந்தி அண்ணாச்சி குரலில் மூவாயிரம் என்று கத்திவிட வேண்டும், சேலை சொல்வது கூச்சலில் அமுங்கிப் போகும்படி பெரியம்மை குலவை போட வேண்டும்.

ஆவணியில் நல்ல வெயில் நாளில் கல்யாணம். தாலி கட்டி, அட்சதை விழுந்து, கெட்டிமேளம் ஓய்ந்து, நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்த இடைவெளியில் பிரம்மசக்தி அத்தை மொய்க்கவரோடு மேடை ஏறினாள். மண்டபம் தானாக அமைதியானது, சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஆட்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். முப்பிடாதி சித்தி நெஞ்சை நிமிர்த்தி மகள் பக்கத்தில் நின்றாள். நான் மாலைக் குவியலுக்குப் பின்னால் மூச்சை இழுத்து வைத்துக்கொண்டேன். முன்வரிசையில் பெரியம்மை வெற்றிலையை மெல்ல மறந்து கன்னத்தில் ஒதுக்கியிருந்தாள், அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு சேலை," என்றாள் அத்தை. "எவ்வளவு?"

நான் வாயைத் திறந்தேன். சேலை என்னை முந்திவிட்டது.

"மூவாயிரம் முப்பிடாதி," என்றது சேலை, "அதுக்கு மேல ஒங்கிட்ட ஒத்த ரூவா வாங்க மாட்டேன்."

சொன்ன தொகை சரி. குரல்தான் அண்ணாச்சியுடையது இல்லை. கரகரவென்று, இழுத்து, ஒவ்வொரு சொல்லிலும் படி இறங்கி ஏறுகிற ஆவுடைப் பெரியம்மையின் குரல். கடைக்குப் போய்ச் சேர்ந்தது எட்டாயிரம்தான், ஆனால் அந்தப் பட்டை அண்ணாச்சியிடம் வாங்கியவள் பெரியம்மை, அதை முப்பிடாதி சித்திக்கு மூவாயிரத்துக்கு விற்றவளும் பெரியம்மைதான் என்று அந்தச் சேலை எங்கள் எல்லோரையும்விடச் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறது. இவ்வளவு நாள் எண்ணி நடுங்கிய எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

மண்டபம் பெரியம்மையைப் பார்த்தது. பெரியம்மையின் வாய் மூடியிருந்தது, வெற்றிலைக் கன்னம் அப்படியே உப்பியிருந்தது, கண் மட்டும் வெளியே வந்துவிடும்போல இருந்தது. முப்பிடாதி சித்தியின் நெற்றி மெதுவாகச் சுருங்க ஆரம்பித்தது. விற்றவர் குரலில்தான் பேசும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். இன்னும் ஒரு மூச்சு விட்டால் அவள் கணக்கைப் போட்டு முடித்துவிடுவாள்.

மாலைக்குள்ளிருந்து எழுந்து நின்றேன். "நாந்தான் சித்தி. சும்மா வெளையாட்டுக்கு. பெரியம்மை மாதிரிப் பேசிப் பாத்தேன்."

ஊர் மொத்தமும் ஒரு பெருமூச்சு விட்டது. வேறு யார், அந்தக் குரங்குதானே என்று நாலு பேர் சொன்னார்கள். எங்கம்மை தலையில் அடித்துக்கொண்டாள். முப்பிடாதி சித்தி ஒரே எட்டில் வந்து என் காதைப் பிடித்தாள். "கல்யாண வீட்டுல, மணமேடையில…" என்று அவள் திருகிய திருகலில் நான் வளைந்து, குனிந்து, என் முகம் மாரிச்செல்வியின் முந்தானைக்குள்ளேயே போய்ப் புதைந்துவிட்டது.

"அப்ப சேலை இன்னும் பேசல," என்றாள் பிரம்மசக்தி அத்தை, விடுகிற ஆளா அவள். "ஏ சேலை. எவ்வளவு?"

அது பேசாது என்று எனக்குத் தெரியும். பேசி முடித்த சேலை. பட்டு வாசனையும் மல்லிகை வாசனையும் மூக்கில் ஏற, காது எரிய, ஜரிகை உதட்டில் உரச, நான் மூக்கை அடைத்துக்கொண்டு சொன்னேன்: "மூவாயிரம் தாயி. மூணு தடவை எறங்கிட்டாள்லா. நான் என்ன செய்ய முடியும்?"

அண்ணாச்சிக்குத் தொண்டை வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும், வலிக்கிறதா என்று பத்துப் பேர் தன்னையே பார்ப்பதும் தெரியும். அவர் கையைத் தொண்டையில் வைத்து, ஊரே கேட்க இருமி, "யாராவது கொஞ்சம் வெந்நி கொண்டாங்கப்பா," என்றார்.

அவ்வளவுதான், கை தட்டல் ஆரம்பித்தது. பெரியம்மை ஒருவழியாக வெற்றிலையை விழுங்கினாள். பிரம்மசக்தி அத்தை மேடையிலிருந்து இறங்கி நேரே அவளிடம் போய், "எக்கா, எம் மருமவளுக்கு ஒரு பட்டு எடுக்கணும், வார வெள்ளிக்கிழமை வாரியளா?" என்று கேட்டாள். பெரியம்மைக்கு ஒரே நேரத்தில் புகழும் புரையும் ஏறியது. காதை விடுவதற்கு முன்னால் முப்பிடாதி சித்தி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நல்லாத்தாம்ட்டி பேசுத," என்றாள். அதை நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இரண்டு பந்தி சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் பெரியம்மை வீட்டு வாசலில் முப்பிடாதி சித்தி தன் வெள்ளாட்டோடு நின்றாள். பால் ஆடு, பின்னால் துள்ளிக்கொண்டு இரண்டு குட்டி.

"எக்கா, இத விக்கப் போறேன். நீங்க வாங்கிக்கிடுங்க. முன்னூறு ரூவா."

பெரியம்மை காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "கிறுக்கா ஒனக்கு? ரெண்டு குட்டியோட பன்னண்டாயிரத்துக்குப் போகும்."

"தெரியும். முன்னூறு."

"பத்தாயிரம் தாரேன்."

"எரநூத்தம்பது."

இப்படி ஒரு பேரத்தை நொச்சிக்குளம் பார்த்ததே இல்லை, வாங்குகிறவள் ஏற்ற, விற்கிறவள் இறக்க, பிரம்மசக்தி அத்தை பல்குச்சியோடு ஓடிவந்தாள், தண்ணீர் வரிசை கலைந்து இங்கே கூடியது, ஆட்டோக்கள் நின்றன. பெரியம்மை எட்டாயிரம் என்றாள். சித்தி இருநூறு என்றாள். பெரியம்மை பழக்கதோஷத்தில் எழுந்து விறுவிறுவென்று படியிறங்கினாள்.

"எத்தனை தடவை எறங்கினாலும் இது ஒங்க வீடுதானே எக்கா," என்றாள் சித்தி. "திரும்ப ஏறித்தான் ஆவணும். ஏறி வாங்க, நூத்தம்பது."

பெரியம்மை ஏறிவந்தாள். சித்தியின் முகத்தில் கோபம் இல்லை, நன்றியும் இல்லை, அந்த உறைமோர்க் கரண்டியைத் திருப்பிக் கொடுக்க வரும்போது இருக்கிற முகம்தான் இருந்தது. எல்லாம் தெரிந்துதான் நேற்று காதைத் திருகினாளா, தெரிந்துதான் அத்தனை சரியாக முந்தானைப் பக்கம் திருகினாளா என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. பெரியம்மையின் கண் கலங்கியது, கலங்கியதை மறைக்க அவள் மூக்கைச் சிந்தினாள். பிறகு மாட்டுச்சந்தைத் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொள்வதுபோல, சித்தி தன் முந்தானையை இரண்டு பேர் கையின் மேலும் போட்டாள். உள்ளே விரல்கள் விரல்களைப் பிடித்துப் பேசின. ஒரு தடவை பெரியம்மை தலையை ஆட்டி மறுத்தாள், ஒரு தடவை சித்தி உதட்டைப் பிதுக்கினாள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள், முந்தானை விலகியது. ஆட்டுக்கயிறு பெரியம்மை கைக்கு மாறியிருந்தது.

எவ்வளவுக்கு முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பிரம்மசக்தி அத்தை பல்குச்சியைக் கடித்தே முறித்துவிட்டாள். ஊரே தவித்து, கடைசியில் என்னைப் பார்த்தது, நான் என்ன செய்வேன், போய் ஆட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதன் தாடியைத் தடவிக்கொடுத்து, "எவ்வளவு?" என்று கேட்டேன்.

ஆடு மென்றுகொண்டிருந்த வேப்பிலையை நிறுத்தியது. என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு முப்பிடாதி சித்தியின் குரலில், "அது எங்க ரெண்டு பேருக்குள்ள," என்றது. "நீ போய்ப் பல்ல வெளக்குட்டி."